மத்தோண்டோ, ஃபுஃபு ஆறுது!

கின்ஷாசா, பண்டால்
8 ஜனவரி 1995

யாயா லுசோலோ,

உடம்பு எப்படி? காய்ச்சல் வந்து போனதா, வந்து உட்கார்ந்தே விட்டதா? இங்கே நான், அம்மா, தெருமுனைச் சாக்கடை மூவரும் சுகம். சாக்கடை கொஞ்சம் கூடுதல் சுகம், மழையில் பெருத்துவிட்டது.

கடிதம் உன் பெயருக்குத்தான். ஆனால் பக்கத்தில் என் இன்னொரு யாயா, கூடப்பிறந்த அண்ணன் மத்தோண்டோ காலை நீட்டிப் படுத்திருப்பான். அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. ஒரே வீட்டில் வளர்ந்தீர்கள். பெரியம்மா மகன் நீ எழுதக் கற்றாய், அவன் பேசக் கற்றான். எல்லை தாண்டி அங்கோலாவுக்கு வைரம் தோண்டப் போன இடத்திலும் அப்படித்தான் இருக்கும்: மண்வெட்டி உன் கையில், வாய் அவனிடம். வைரம் கிடைத்ததா? இல்லை, இன்னும் வைராக்கியம் மட்டும்தானா?

புத்தாண்டு அன்று நம் நீதிமன்றம் வழக்கம்போல் கூடியது. போன வருடம் வெளியான ஆல்பங்களில் ஆளுக்கு மூன்று கேசட், அம்மா நீதிபதி, தோற்றவருக்குப் பானை கழுவும் தண்டனை. நீங்கள் இருவரும் இல்லாததால் நானே வாதி, நானே பிரதிவாதி. ஜெயித்தும் பானை கழுவினேன். இதைக் கேட்க நாட்டில் ஆளில்லை. அண்ணனின் நாற்காலியில் அம்மா அவன் கோட்டை மாட்டி வைத்திருந்தாள். கோட்டுக்கும் ஒரு தட்டு ஃபுஃபுக் களி, மேலே மரவள்ளிக் கீரை, ஒரு மீன் துண்டு. "கோட்டு மென்னு தின்னுமாம்மா?" என்றேன். "வாயை மூடுடி. சூடு ஆறினா எடுத்துக்கலாம்" என்றாள். ஆறிய பிறகும் எடுக்கவில்லை.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். முதலிடம் லிசோலோ இசைக்குழுவின் 'மாமியாருக்கு ஒரு மிதிவண்டி'. அடுத்தது மோபெம்போ குழுவின் 'ஆற்றங்கரைச் சாட்சி'. மூன்றாவது ஆன்ஜ் லிட்டோக்கோவின் 'வெல்வெட் கண்ணீர்'. இதைச் சேர்த்ததே அண்ணன் கத்தவேண்டும் என்பதற்காக. மூன்று கேசட்டும் துணி வியாபாரி பெம்பா அக்காவின் மூட்டையில் வருகின்றன. அவன் பட்டியலை உடனே அனுப்பச் சொல்.

அப்புறம் அவனுடைய முதலைத்தோல் ஷூ. கட்டிலுக்கடியில் பத்திரமாகத் தூங்குகிறது. துடைக்கும்போது என் காலை உள்ளே விட்டுப் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்கிறேன். அந்தச் சத்தியமும் ஷூவைப் போலத்தான், எனக்குக் கொஞ்சம் பெரிது.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ஆனால் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிடுகிறாள். இந்த ஒரு வரியை மட்டும் அவனுக்கு இரண்டு தடவை படி.

இருவரும் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அம்மா எழுதச் சொன்னாள்.

உங்கள் கொசு,
லாண்டு


கஃபுன்ஃபோ, லுண்டா
29 ஜனவரி 1995

என் லெக்கி, என் தங்கச்சி லாண்டு,

உன் கடிதமும் கேசட்டுகளும் நனையாமல் வந்து சேர்ந்தன. எங்களுக்குச் சுகம். சின்னம்மாவின் முழங்கால் வலி எப்படி? தவிட்டு ஒத்தடம் கொடு.

உன் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நடுவில் நான் எதையும் திருத்தக்கூடாதாம்.

"எழுதுடா. ஏய் கொசு! எந்த மடையனாவது ஏ பக்கத்தை முதல்ல போட்டுக் கேட்டுட்டுத் தீர்ப்பு சொல்லுவானா? சட்டையோட முன்பக்கத்தை எல்லாரும்தான் இஸ்திரி போடுவாங்க. ஆள் திரும்பி நடக்கிறப்போ முதுகைப் பாரு, அப்பத்தான் யோக்கியதை தெரியும். பி பக்கம் போடு. பாட்டு மெதுவா நடந்து வருது பாரு, வந்துட்டே இருந்து, திடீர்னு கிட்டார் செருப்பைக் கழட்டிட்டு ஓட ஆரம்பிக்கும். அந்த இடத்துல உன் இடுப்பு உன்னைக் கேக்காம ஆடினா அது ஆல்பம். ஆடலைன்னா அது பிரசங்கம். என் முதலிடம் 'ஆற்றங்கரைச் சாட்சி'. மிதிவண்டி ரெண்டாவது. 'வெல்வெட் கண்ணீர்' ஆல்பமாடி அது? கீபோர்டுல வயலின் அழுதா அது பல்லவி இல்ல, பல்வலி! அதை நான் முதலிடம்னு சொன்னேன்னா அன்னிக்கு என்னைப் புதைச்சிடுங்க. எழுதிட்டியா? சிரிக்காம எழுதுடா. அம்மாகிட்ட சொல்லு, ஈஸ்டருக்கு வந்துடுவேன், ஃபுஃபு கட்டி கட்டியா கிண்ட வேணாம்னு. ஷூவைத் தொட்டே, கை இருக்காது."

இப்போது அவன் குளிக்கப் போயிருக்கிறான். அவன் எதிரில் சொல்லமுடியாத ஒன்றை எழுதுகிறேன்: எனக்கு அந்த மூன்றாவது கேசட் பிடித்திருந்தது. அவனிடம் சொல்லிவிடாதே, பட்டப்பெயர் வைத்துவிடுவான்.

மழை விடவில்லை. ஆற்றோரக் குழிகளில் பாதிநாள் தண்ணீர் இறைக்கும் வேலைதான். மற்றபடி குறையில்லை. தெருவில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

லுசோலோ


கின்ஷாசா, பண்டால்
20 பிப்ரவரி 1995

யாயா லுசோலோ, யாயா மத்தோண்டோ,

இருவரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் உன் தவிட்டைச் சாப்பிட்டுத் தேறிவிட்டது. கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். கட்டி கட்டியாக என்ற இடத்தில் அம்மா, "வரட்டும், வாயிலேயே போடுறேன் ஒண்ணு" என்றாள். பிறகு அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

அண்ணன் ஈஸ்டருக்கு வருவான் என்று நான் நம்பவில்லை. அவனுக்குத் தாளம் தப்பினாலும் தாமதம் தப்பாது. ஆகவே அவனை வரவழைக்க நானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பாதிதான் சொல்வேன்.

மோபெம்போ குழு இப்போது நம் தச்சன் வீட்டுக்குப் பின்னால்தான் ஒத்திகை பார்க்கிறது. தினமும் மதில்மேல் ஏறி உட்கார்ந்து கேட்கிறேன். பாட்டு வேகமெடுக்கும் இடத்தில் பெயர் கூவுகிற அட்டலாக்கு இருக்கிறானே, அவன் பெயர் பிலிபிலி. பெயரே மிளகாய் என்பதால் குரலிலும் காரம். கொசுமருந்து டப்பாவில் கல் போட்டுக் குலுக்கிக்கொண்டு கூவுகிறான். வைர முதலாளி, விமான முதலாளி, யாரோ ஒரு முதலாளியின் மூன்றாம் மனைவி என்று ஒரு பாட்டுக்குள் எத்தனை பெயர்! கூவப்பட்டவன் மறுவாரமே புதுச் சட்டையோடு வந்து தெருவில் முகம் காட்டுகிறான். காட்டாவிட்டால் மானம் போய்விடும்.

பாதி முடிந்தது. மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள். அண்ணனால் முடியாது, லுசோலோ, நீ ஊகி.

குளிரில் படுக்காதீர்கள்.

கொசு


கஃபுன்ஃபோ
30 மார்ச் 1995

அன்புள்ள லாண்டு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். சின்னம்மா நன்றாகத் தூங்குகிறாளா?

உன் கடிதம் கிடைத்தது. பெம்பா அக்கா இன்றே கிளம்புவதால் சுருக்கமாக எழுதுகிறேன். மழையில் எங்கள் பக்கத்துக் குழிகளை மூடிவிட்டார்கள். மத்தோண்டோ அக்கரையில் வேறு குழிக்குப் போயிருக்கிறான். அங்கிருந்து அடிக்கடி வரமுடியாது. ஈஸ்டருக்கு அவன் வருவதற்கில்லை. வியாபாரிகளைத் தவிர இங்கிருந்து யாரையும் வெளியே விடவுமில்லை. பாதையில் துப்பாக்கிக்காரர்கள் நிற்கிறார்கள்.

பட்டியலைப் பற்றி நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். 'வெல்வெட் கண்ணீர்' ஆல்பத்தைத் திரும்பக் கேட்டதில் அது நன்றாக இருக்கிறது, முதலிடம் கொடுக்கலாம் என்று மத்தோண்டோ சொன்னான். முதல் பக்கத்தின் முதல் பாட்டு மிகவும் பிடித்ததாகச் சொன்னான்.

சின்னம்மாவைத் தனியாக விடாதே. மாலையில் சீக்கிரம் வீட்டுக்குப் போ.

லுசோலோ


கின்ஷாசா, பண்டால்
21 ஏப்ரல் 1995

யாயா லுசோலோ,

நீ சுகமா? உன் கையெழுத்து சுகமில்லாத மாதிரி சாய்ந்திருந்தது. குனைன் மாத்திரை வேண்டுமானால் எழுது.

ஈஸ்டர் வந்தது, போனது. அம்மா பெரிய மீனாக வாங்கினாள். தட்டு வைத்தாள். பஸ் சத்தத்துக்கு வாசலுக்குப் போனாள். அன்று எல்லா பஸ்ஸும் நம் தெருமுனையில்தான் நின்றன, வேண்டுமென்றே.

அக்கரையில் எவள் இருக்கிறாள், சொல். என் அண்ணன் ஏ பக்கத்தை முதலில் கேட்கிறானாம், லிட்டோக்கோவுக்கு முதலிடமாம்! ஒரு பெண்ணைத் தவிர வேறெதுவும் ஓர் ஆணை இவ்வளவு முட்டாள் ஆக்கமுடியாது. கன்னத்தில் குழி விழுகிறவளா? அவளுக்கு வயலின் பிடிக்கும் போலிருக்கிறது. இதே கேசட்டைப் பற்றி ஜனவரியில் அவன் சொன்ன வார்த்தை நினைவிருக்கிறதல்லவா? அதைத் திரும்ப எழுத எனக்குப் பிடிக்கவில்லை. அவனை அவன் வாயாலேயே ஒரு வரி சொல்லச் சொல்லி எழுது. என்னைத் திட்டினால் போதும்.

திட்டுவதற்குக் காரணம் தருகிறேன். உட்கார்ந்துகொள். ஷூ போய்விட்டது.

பிலிபிலிக்குக் கொடுத்துவிட்டேன். நடந்தது இதுதான்.

"யாருடி இந்த மத்தோண்டோ? கேள்விப்பட்டதே இல்லையே" என்றான்.

"லுண்டாவுல பெரிய ஆளு."

"எவ்ளோ பெரிய ஆளு?"

ஷூவை எடுத்து நீட்டினேன். "இவ்ளோ பெரிய காலு."

போட்டுப் பார்த்தான். பொருந்திவிட்டது. அங்கேயே நாலு அடி நடந்து நாலு அடி ஆடினான். "சரி, என்ன கூவணும்? வைரச் சிங்கமா, டாலர் யானையா?"

"அதெல்லாம் வேணாம். 'மத்தோண்டோ, ஃபுஃபு ஆறுது, வீட்டுக்கு வா!' இப்படிக் கூவு."

"மூளை குழம்பிடுச்சா உனக்கு? முதலைத்தோல் ஷூ கொடுத்துட்டு எவளாவது இதைக் கேப்பாளா?"

"நான் கேப்பேன். எங்கம்மா கூப்பிடுற மாதிரி கூவணும். 'வீட்டுக்கு வா'ல கடைசி எழுத்தை இழுக்கணும். 'வாஆஆ'ன்னு."

சொல்லிக் கொடுத்தேன். டப்பாவைக் குலுக்கிக் கூவிப் பார்த்தான். கிட்டார்க்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். ஜூனில் ஆல்பம் வருகிறது, பெயர் 'அண்டைவீட்டுக் கண்ணாடி'. நம் கூவல் பி பக்கத்தில், மூன்றாவது பாட்டில், கிட்டார் செருப்பைக் கழற்றுகிற அதே இடத்தில். பி பக்கம் வேண்டும் என்று நான்தான் அழுதேன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

இப்போது அவன் வந்தே ஆகவேண்டும். ஊரே கூப்பிடப் போகிறது. ஷூ இல்லை என்று தெரிந்தால் ஓடியே வருவான். வெறுங்காலோடு.

லாண்டு


கின்ஷாசா, பண்டால்
12 ஜூலை 1995

யாயா லுசோலோ,

உயிரோடுதான் இருக்கிறாயா? கிக்விட்டில் அந்தக் கொள்ளைநோய் வந்ததிலிருந்து பாதையை அடைத்துவிட்டார்கள், ஒரு லாரியும் வரவில்லை. அங்கே பெரியம்மா சுகம் என்று சேதி மட்டும் வந்தது. உங்களிடமிருந்து ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. நீங்கள் கிக்விட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இருப்பதால் நோய் அங்கே வராது என்று தினமும் அம்மாவிடம் சொல்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இதைச் சுற்றுவழியாகப் படகில் போகிற ஒருவரிடம் கொடுக்கிறேன். கூடவே கேசட்.

ஆல்பம் வந்துவிட்டது! கேள். முதல் நாள் அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் தெரியாதவள்போலப் பி பக்கத்தைப் போட்டேன். மூன்றாவது பாட்டு, கிட்டார் ஓடத் தொடங்கியது. பிலிபிலி கூவினான். அம்மாவின் கை நின்றது.

"இன்னொரு தடவை போடுடி."

போட்டேன்.

"இன்னொரு தடவை."

பேனாவைச் சக்கரத்தில் விட்டுச் சுற்றிச் சுற்றி என் விரல் வீங்கிவிட்டது. அவள் அழவில்லை, யாயா. எழுந்து, முழங்கால் வலியோடு, மாவு படிந்த கையை இடுப்பில் வைத்து ஆடினாள். "பாட்டுல பேர் வெச்சுட்டாங்கன்னா எம்புள்ள நல்லாத்தான் இருக்கான். இல்லாதவனை யாராவது கூப்பிடுவாங்களா?" என்று தெருவெல்லாம் சொல்லிவந்தாள். கூப்பிட ஏற்பாடு செய்தவள் நான் என்று சொல்ல மனம் வரவில்லை. அண்ணனே காசு கொடுத்துக் கூவச் சொல்லியிருக்கிறான் என்று நம்புகிறாள். ஷூ பெட்டியில் இப்போது ஒரு செங்கல் இருக்கிறது.

ஊரில் நடப்பதையும் கேள். சிங்கம், யானை எல்லாம் யாருக்கும் நினைவில் இல்லை, நம் கூவல் மட்டும் பிடித்துக்கொண்டது. மாத்தோங்கே பேட்டையில் டாக்ஸிக்காரர்கள் ஆள் ஏற்றக் கத்துகிறார்கள்: "மத்தோண்டோ, ஃபுஃபு ஆறுது!" வகுப்புக்குத் தாமதமாக வந்தவனை வாத்தியார் அப்படித்தான் கூப்பிட்டார். நம் தெருவில் எந்தத் தாயும் தன் பிள்ளையைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பொழுது சாய்ந்தால் வாசலுக்கு வாசல் மத்தோண்டோ, மத்தோண்டோ. அத்தனை பேரும் வீட்டுக்குப் போகிறார்கள், நம்முடையவனைத் தவிர.

கேசட்டை அவனுக்குப் போட்டுக் காட்டு. அவன் முகம் எப்படி ஆயிற்று என்று எழுது. ஒன்றையும் விடாமல் எழுது.

லாண்டு


கஃபுன்ஃபோ
3 செப்டம்பர் 1995

என் லாண்டு,

உன் இரு கடிதங்களும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருவரையும் நினைக்காத நாள் இல்லை.

நீ அனுப்பியது வந்து சேரும் முன்பே கேசட் இங்கே வந்துவிட்டது. சனிக்கிழமை சாராயக்கடையில் போட்டார்கள். எங்கள் பழைய குழியில் வேலைசெய்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். பாட்டு நன்றாக இருந்தது, எல்லாரும் ஆடினார்கள். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். கிட்டார் ஓடத் தொடங்கிய இடத்தில் அந்தக் குரல் வந்தது. சின்னம்மா கூப்பிடுகிற அதே இழுப்பு.

ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள். தண்ணீர் இறைக்கும் பெரியவர் மக்கெங்கோ தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். கடைக்காரி கேசட்டை நிறுத்தக் கையை நீட்டினாள். "நிறுத்தாதீங்க, முழுசா ஓடட்டும்" என்றேன். பாட்டு முடியும்வரை நின்றோம்.

நீ முகத்தைப் பற்றி எழுதச் சொன்னாய். இவ்வளவுதான் எழுத முடிகிறது.

பாதையைத் திறந்துவிட்டார்களாம். நான் வருகிறேன். அக்டோபர் நடுவில் வந்துவிடுவேன். சில சேதிகளை நம் வீடுகளில் தாளில் அனுப்புவதில்லை. பெரியவர்களை உட்காரவைத்து, எதிரில் உட்கார்ந்து, வாயால் சொல்லவேண்டும். உனக்கு அது தெரியும். நான் வரும் நாளில் நசாக்கு மாமாவை வீட்டில் இருக்கச் சொல். முற்றத்தில் கொஞ்சம் நாற்காலி இருக்கட்டும். சின்னம்மா பஸ் நிறுத்தத்துக்கு வரவேண்டாம்.

அவளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு நீயும் சாப்பிடு.

உன் யாயா


கின்ஷாசா, பண்டால்
25 செப்டம்பர் 1995

யாயா,

நாங்கள் இருக்கிறோம். நீ பத்திரமாக வா.

தொப்பியை எதற்குக் கழற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுதவேண்டாம். மாமாவிடம் சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. நாற்காலிகளைத் தச்சன் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டான். "கச்சேரி" என்று சொல்லிவிட்டேன். பழக்கதோஷம், வாயில் பொய் தானாக வருகிறது. அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன், இதற்குப் பதில் தாளில் வரலாம். 'வெல்வெட் கண்ணீர்' உன் தேர்வுதானே? கோபமில்லை. வேறென்ன எழுதுவாய் நீ, பாவம். ஆனால் அவன் பெயரில் ஒரு பட்டியல் எழுதும்போது பி பக்கத்திலிருந்தாவது தொடங்கியிருக்கலாம்.

அம்மா இன்னும் கேசட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். லுசோலோ வருகிறான் என்றேன். இருவருமாக வருகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டாள். மறுக்கவில்லை நான். இரண்டு தலையணைக்கு உறை தைத்துவிட்டாள். ஒன்று போதும் என்று சொல்ல எனக்கு ஒரு வாய் வேண்டும், யாயா. இருக்கிற வாயெல்லாம் கிண்டலுக்கே செலவாகிவிட்டது.

சீக்கிரம் வா. மெதுவாகவும் வா.

லாண்டு


கிக்விட்
11 அக்டோபர் 1995

லாண்டு,

இங்கே வரை வந்துவிட்டேன். இங்கே என் அம்மாவைப் பார்த்தேன், உன் பெரியம்மா சுகம். நாளை மறுநாள் லாரி ஏறுகிறேன். அவனுடைய பையும் ரேடியோப்பெட்டியும் என்னிடம் இருக்கின்றன. ஆம், அது என் தேர்வு.

லுசோலோ


கின்ஷாசா, பண்டால்
2 ஜனவரி 1996

யாயா லுசோலோ,

பெரியம்மாவுக்கும் உனக்கும் புது வருடம் நல்லபடி இருக்கட்டும். கிக்விட்டிலேயே தங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டு அம்மா பெருமூச்சு விட்டாள். இனி லுண்டாவுக்குப் போகாதே. போனால் உன் செருப்பையும் யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். மார்ச் மழையில் குழியின் கரை சரிந்தது என்று நீ எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து சொன்னாய் அல்லவா, அன்று அம்மா உன்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அன்னிக்குச் சாப்பிட்டானாப்பா?" "சாப்பிட்டான் சின்னம்மா" என்றாய். அது நிஜமா என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்கப்போவதுமில்லை. துக்கத்தின் எல்லா நாளும் ஒலிபெருக்கியில் எல்லா ஆல்பமும் ஓடியது, அதைத் தவிர. அந்தக் கேசட்டை அம்மா எங்கோ ஒளித்துவிட்டாள். நான் ஏற்பாடு செய்த கூவல் அது என்று மாமா எதிரில் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "நீயும் கூப்பிட்டியா" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று புத்தாண்டு. நீதிமன்றம் வேண்டாம் என்று நினைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அம்மா முற்றத்தில் நாற்காலி போடுகிறாள். நான்கு. கோட்டை மாட்டவில்லை, அதை மாமாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

பிலிபிலி வந்தான். கையில் பழைய செய்தித்தாள் பொட்டலம். உள்ளே ஷூ, பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. பொட்டலத்தை அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு நின்றான். "எனக்குத் தெரியாதும்மா. உயிரோட இருக்கிற பெரிய மனுஷன்னு நெனச்சுத்தான் கூவினேன்" என்றான்.

"உக்காரு" என்றாள் அம்மா. "பட்டியல் கொண்டு வந்திருக்கியா? இங்க சும்மா உக்கார முடியாது. மூணு ஆல்பம் சொல்லணும்."

பாவம், அவன் மூன்றுக்குமே தன் குழுவின் பெயரைச் சொன்னான். மோபெம்போ ஒரு வருடத்தில் ஒரே ஓர் ஆல்பம்தான் போட்டது என்று நான் நினைவூட்டினேன். யாயா, அம்மா சிரித்தாள். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை.

பிறகு உள்ளே போய் மாவு டப்பாவுக்குள் கையை விட்டுக் கேசட்டை எடுத்துவந்தாள். மாவை ஊதினாள். பி பக்கத்தை அவளே போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, மூன்றாவது. கிட்டார் நடந்து வந்தது, ஓடத் தொடங்கியது, அந்த இடம் வந்தது.

பெயர் இல்லை.

ஜூலையிலிருந்து பேனாவை விட்டுச் சுற்றிச் சுற்றி நாடா அந்த இடத்தில் மட்டும் தேய்ந்துவிட்டது. தண்ணீருக்கடியில் யாரோ பேசுவதுபோல ஒரு முனகல், அவ்வளவுதான். மற்ற எல்லாம் புதிதுபோல் கேட்கிறது, சிங்கமும் யானையும் கணீரென்று இருக்கின்றன. நாங்கள் அதிகமாகக் கேட்டது மட்டும் போய்விட்டது.

பிலிபிலி மருந்து டப்பாவை எடுத்தான், அந்த இடைவெளியில் தானே கூவிவிடலாம் என்று. அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். நாடாவைச் சுற்றச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, தெருவைப் பார்த்து, உரக்கக்கூட இல்லை, பஸ் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த நாட்களில் கூப்பிட்டிருக்கவேண்டியதை இப்போது கூப்பிடுவதுபோலச் சொன்னாள்:

"மத்தோண்டோ, ஃபுஃபு ஆறுது, வீட்டுக்கு வாஆஆ..."

தெருவில் எங்கிருந்தோ ஒரு குரல் பதில் சொன்னது: "வந்துட்டேம்மா!"

எதிர்வீட்டு ஃபிஃபி, ஐந்து வயது. சாக்கடையோரம் விளையாடிக்கொண்டிருந்தவள். இப்போது எல்லாத் தாய்மாரும் இப்படித்தானே கூப்பிடுகிறார்கள், தன் அம்மா என்று நினைத்து ஓடிவந்துவிட்டாள். எங்கள் வாசலில் வந்து நின்று, முகங்களைப் பார்த்து, தப்பான வீடு என்று தெரிந்து திரும்பிப் போகப் பார்த்தாள். அம்மா எழுந்தாள். நாலாவது நாற்காலியில் அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். தட்டு வைத்தாள். கீரை, மீன், ஃபுஃபு. கட்டியே இல்லாமல் கிண்டியிருந்தாள், யாயா. ஃபிஃபி கையைத் துடைத்துக்கொண்டு, சூடாக இருந்ததால் ஊதி ஊதி, முழுவதும் சாப்பிட்டாள்.

தீர்ப்பை அம்மாவே சொன்னாள்: முதலிடம் 'அண்டைவீட்டுக் கண்ணாடி', பி பக்கம் மட்டும். பானையைப் பிலிபிலி கழுவினான்.

ஷூவை உனக்கு அனுப்பச் சொல்கிறாள். உன் காலுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், பஞ்சு வைத்துக்கொள். உன் பட்டியலை அனுப்பு. லிட்டோக்கோ புது ஆல்பம் போட்டிருக்கிறான், எட்டுப் பாட்டிலும் வயலின். அதற்கு நீ முதலிடம் கொடுத்தாலும் நான் சிரிக்கமாட்டேன். நேற்று ஏ பக்கத்தைக் கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணனிடம் சொல்லிவிடாதே.

நன்றாகச் சாப்பிடு என்று அம்மா எழுதச் சொன்னாள். சூடாக இருக்கும்போதே.

உன் கொசு,
லாண்டு